பொத்தானுக்கு ஒரே வார்த்தை போதுமாம்

"அண்ணி, நீங்க எழுதிவெச்சிருக்கறதைப் பாத்தா எவளுக்குமே பொத்தானை அமுக்கக் கை வரமாட்டேங்குது!" இப்படித்தாம்மா கேக்கறா என் நாத்தனா. காலங்காத்தால போன் போட்டு. நல்லா இருக்கீங்களான்னு ஒரு பேச்சு கிடையாது. கை வரலையாம்! ஏன், நான் என்ன பொத்தான்ல தேளையா வரைஞ்சு வெச்சிருக்கேன்?

நில்லும்மா, மொட்டைமாடிக்குத்தானே போற. துணி எங்கயும் ஓடிடாது. வாளியைக் கீழ வை. மேல் வீட்டுக்கு நீ குடிவந்து பத்து நாள்கூட ஆகல, உன்கிட்ட எங்க குடும்பக் கதையைச் சொல்லக்கூடாதுதான். ஆனா கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னியே… உனக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

இவ திரைச்சீலை தைக்கறா. ஜன்னலுக்கு, கதவுக்கு. நல்லாத் தைப்பா, பொய் சொல்லக்கூடாது. மடிப்பெல்லாம் ஸ்கேல் வெச்ச மாதிரி நிக்கும். அப்படியே வாயையும் தைச்சிருந்தா இன்னும் நல்லாருக்கும்! ஆபீஸ்ல உக்காந்து செய்யற வேலையை விட்டுட்டு, வெப்சைட்ல விக்கறேன்னு கிளம்பினா. அவ அண்ணன், அதான் எங்க வீட்டுக்காரர், வேணாம்னார். நான்தான் "செய்டீ, பாத்துக்கலாம்"னேன். வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டேன்.

வெப்சைட் செஞ்சு கொடுத்த ஆளு மூணு பொத்தான் படம் அனுப்பினான். பச்சைக் கலரு, ஓரமெல்லாம் உருட்டி, புதுச் சோப்புக்கட்டி மாதிரி பளபளன்னு. மேல ஒரு எழுத்து கிடையாது, வெத்து. ஆர்டர் கொடுக்க ஒண்ணு, விலை பாக்க ஒண்ணு, நம்மகிட்ட பேச ஒண்ணு. "நீங்கதான் அண்ணி கான்வென்ட்ல படிச்சவங்க. மேல எழுத வேண்டியதை நீங்களே எழுதுங்க. சின்னதா, ஒரே வார்த்தை, பாத்ததும் அமுக்கத் தோணணும்"னா. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. பின்ன? கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்த வீட்ல என்னை ஒரு வரி எழுதச் சொன்னவங்க உண்டா? மளிகைச் சாமானைத் தவிர!

நெட்லயே படத்து மேல எழுத்து சேர்க்கற இடம் இருக்குல்ல, அதைத் திறந்தேன். படத்தை ஏத்தினேன். இங்கிலீஷ் 'டி'ன்னு ஒரு எழுத்து இருக்கு, அதைத் தட்டினா கட்டம் வருது, உள்ள டைப் அடிக்க வேண்டியதுதான். எல்லாம் நானாவே கத்துக்கிட்டேன், யார் கால்லயும் விழல. ஆனா ஒரே வார்த்தைன்னா எப்படிம்மா? எங்க ஸ்கூல்ல மொட்டையா பதில் சொன்னா சிஸ்டர் பெஞ்சு மேல ஏத்திடுவாங்க. முழு வாக்கியம், முற்றுப்புள்ளியோட!

ஆர்டர் பொத்தான்ல, 'ஜன்னலை ஒழுங்காக அளந்த பிறகே இங்கே அழுத்தவும். தப்பான அளவைக் கொடுத்துவிட்டு எங்களைக் குறை சொல்லக் கூடாது.' சரிதானே? விலைப் பொத்தான்ல, 'பேரம் பேசுவோர் அழுத்த வேண்டாம்.' பேசற பொத்தான்ல, 'அவசியம் இருந்தால் மட்டும்.' அதுல 'மட்டும்' கொஞ்சம் பெருசா. ஏன் சிரிக்கற? இருமினியா? சரி.

இடம் பத்தல. எழுத்தைச் சுருக்கிக்கிட்டே போனேன், எறும்பு வரிசை மாதிரி ஆயிடுச்சு. கண்ணுக்குத் தெரியணுமேன்னு சிவப்பு கொடுத்தேன். பச்சை மேல சிவப்பு… பாத்தா கண்ணு கூசும்தான், நான் இல்லேங்கல. அப்படியே வெப்சைட்ல ஏத்தச் சொல்லிட்டேன்.

அழிச்சிடலாமேன்னு நினைக்கறியா? நானும் நினைச்சேன். சேமிச்சதும் எழுத்து படத்தோட ஒட்டிடுச்சும்மா. மேல பச்சையைத் தடவினேன், வேற பச்சை! சுவத்துல ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கு. வெத்துப் படத்தை எடுத்துக்கலாம்னா, அதே பேர்லயே சேமிச்சுத் தொலைச்சிருக்கேன். கடைசியில அந்த ஆளுகிட்டயே கேட்டேன். வெத்துப் படத்தை மறுபடி அனுப்பினான், கூடவே ஒரு சிரிப்பு பொம்மையும். திமிரு!

ஐயோ, பால்! இரு, போயிடாதே. கதவைத் திறந்தே வெச்சிருக்கேன், உள்ள இருந்தே பேசறேன், கேக்குதுல்ல?

…முகத்தைப் பாத்துச் சொல்ல முடியாதும்மா, அதான் இங்க இருந்தே சொல்லிடறேன். ஒருத்தரும் அமுக்கலைன்னு அவ நினைச்சிட்டிருக்கா. ஒருத்தர் அமுக்கினார். ஏதோ விடுதியோட மேனேஜராம். 'எங்க ரூம் எல்லாத்துக்கும் திரைச்சீலை வேணும், எனக்கு அளக்கத் தெரியாது, ஆள் அனுப்புவீங்களா? திட்ட மாட்டீங்கன்னு நம்பறேன்'னு எழுதியிருந்தார். வர்ற செய்தியையும் நீங்களே பாத்துக்கங்க அண்ணின்னு அவதான் விட்டிருந்தா. நானே பதில் போட்டேன். 'எழுதியிருப்பதை முதலில் முழுவதும் படிக்கவும்.' அவ்வளவுதாம்மா எழுதினேன்! அதுலயும் முற்றுப்புள்ளி வெச்சேன்.

அதுக்கப்புறம் அவர்கிட்டேர்ந்து மூச்சே இல்ல.

ரூம் எல்லாத்துக்கும்னா என்ன அர்த்தம்! வருஷம் பூரா உக்காந்து தைக்கலாம். இவ என்னடான்னா, "இந்த மாசமும் ஆர்டர் வரலேன்னா பழைய ஆபீஸ்லயே போய் நிக்கறேன் அண்ணி"ங்கறா. அழுதாளோ என்னவோ, குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. அங்க அவ நாற்காலியில வேற ஒருத்தி உக்காந்தாச்சுன்னு எனக்குத் தெரியும், அவளுக்கு இன்னும் தெரியாது. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் சொல்லுவேன்?

வெத்துப் பொத்தான் கம்ப்யூட்டர்ல திறந்தே கிடக்கு. விடிஞ்சதுலேர்ந்து முன்னாடி உக்காந்திருக்கேன். எதை எழுதினாலும் பின்னாடியே ஒரு 'ஆனால்' வந்து ஒட்டிக்குது. அந்த மனுஷன் திரும்ப ஒரு தடவை எட்டிப் பாத்தார்னா, பயப்படாம அமுக்கணும். அதுக்கு ஒரே ஒரு வார்த்தை. நீ சொல்லும்மா. அப்படியே போடறேன், ஒரு புள்ளிகூடச் சேர்க்க மாட்டேன், சத்தியமா. நான் வாயை மூடிக்கிட்டேன். நீ பேசு…

ஏம்மா? …சொல்லேன்!