எருமையின் மூன்றாவது பாட்டு

எருமையை வரையும்போது கண்ணில்தான் கவனம் வேண்டும், ஐயா. கொஞ்சம் பெரிதாகிவிட்டால் பசுவாகிவிடும். முதல் இரண்டு மாதம் நான் பசுவைத்தான் வரைந்துகொண்டிருந்தேன்.

ஆறு நிமிட கார்ட்டூன் படம். கச்சேரி பண்ண ஆசைப்படும் ஓர் எருமை. ஊரே விரட்ட, கரும்புத் தோட்டத்துக்குள் ஓடி ஓடிப் பாடும். மூன்று பாட்டு. எல்லாம் சிரிப்புதான். வரைந்தது நான். மெட்டும் குரலும் சேவியர்ராஜ். வில்லியனூர்ப் பக்கம் அவன் ஊர் மாதா கோயிலில் பாடற்குழுவை நடத்தியவன். ஒன்பது வருடச் சிநேகிதன். எருமைக்கு உன்னை விட்டால் ஆளில்லை என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன். சிரித்தான்.

பாகூரில் எங்கள் கழனியில் ஒரு மோட்டார் கொட்டகை சும்மா கிடந்தது. சுவரெல்லாம் பழைய மெத்தைகளை அடித்து, அதையே ஒலிப்பதிவு அறை ஆக்கினோம். பஞ்சுத் தூசி சேவியருக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே வீசிங். இழுப்பு வந்தால் வாயில் வைத்து அழுத்திக்கொள்ள இன்ஹேலர் எப்போதும் பையில் இருக்கும். அவர்கள் வீட்டில் அதைப் பம்ப்பு என்பார்கள். காலையில் அவன் மனைவி ரீட்டாதான் எடுத்து வைப்பாள்.

மூன்றாவது பாட்டில் எருமை மூச்சு வாங்கிக்கொண்டே பாட வேண்டும். சேவியர் மூச்சு வாங்குவதுபோல் நடித்துப் பாடினான். அது நடிப்பாகவே இருந்தது. பதினேழு முறை எடுத்தோம். பதினெட்டாவது முறை பாதியில் நிஜமாகவே இழுத்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன், அவனும்தான். ஆனால் உடனே பம்ப்பை எடுத்து அடித்துக்கொண்டான். குரல் தெளிந்துவிட்டது. பதிவானது நான்கு விநாடி. எனக்கு வேண்டியது முப்பத்தைந்து.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, அவன் முகம் கழுவ வெளியே போனபோது பம்ப்பை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தூசி கிளம்பட்டும் என்று மெத்தைகளை முன்பே தட்டி வைத்திருந்தேன். ஒரு டேக் முடிந்ததும் கொடுத்துவிடுவதாகத்தான் எண்ணம். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பதினோரு மணி வாக்கில் இழுக்க ஆரம்பித்தது. பைக்குள் கைவிட்டுத் தேடினான். பிறகு பையையே கவிழ்த்துக் கொட்டினான்.

"மணி, பம்ப்பு எங்கடா? ரீட்டா வைக்கலியா?"

"வூட்ல வுட்டுட்டு வந்திருப்ப. இந்த ஒரு வரிய முடிச்சிட்டுப் போலாம், பாடுடா."

பாடினான். எனக்காகப் பாடினான் என்றுதான் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து விநாடி கிடைத்தது. அதற்குப் பிறகு வந்தது இன்னும் நன்றாக இருந்தது. ஹெட்போனைக் கழற்ற மனம் வரவில்லை. அவன் முட்டி போட்டுவிட்டதால் மைக்கை இறக்கி வைத்தேன். மொத்தம் நான்கு நிமிடம் பதினோரு விநாடி.

உதடு நீலமானதும் பதிவை நிறுத்தி, காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். காரிலாவது கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பான்.

அடக்கத்தன்று ரீட்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, தான்தான் வைக்க மறந்துவிட்டதாகச் சொன்னாள். வைத்த நினைவு இருக்கிறதா என்று கேட்டேன். சரியாகத் தெரியவில்லை என்றாள். யாருக்கும் மறக்கக்கூடியதுதான் என்று ஆறுதல் சொன்னேன். இந்த ஏழு மாதமாக அவள் சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

பதிவில் அவன் பம்ப்பு, பம்ப்பு என்று கேட்பதும் விழுந்திருந்தது. வெட்டிப் பார்த்தேன், தாளம் உடைந்தது. அதனால் எருமை தண்ணீர் தாகத்தில் பம்ப்செட்டைத் தேடி ஓடுவதாக வரைந்தேன். படத்திலேயே ஜனங்கள் அதிகம் சிரிப்பது அந்த இடத்துக்குத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் ஊர் மாதா கோயில் மண்டபத்தில் படத்தைப் போட்டேன். ரீட்டா முதல் வரிசையில் இருந்தாள். இரண்டு பாட்டுக்குச் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரிக்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். மூன்றாவது பாட்டில் மண்டபமே கைதட்டிக்கொண்டிருக்க, அவள் எழுந்து என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"அவரு பம்ப்பு கேக்கறாரு. நீங்க இன்னாண்ணா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"ரெக்கார்டு பண்ணிக்கினு இருந்தேம்மா," என்றேன். ஏனோ பொய் சொல்லத் தோன்றவில்லை.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். பம்ப்பு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எடுத்தது நான்தான். அவன் கேட்டும் கொடுக்காதது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் படத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டால் பாதியில் நிறுத்தாதீர்கள், கடைசிவரை ஓட விடுங்கள். பெயர்கள் வரும்போது முதலில் வருவது சேவியர்ராஜ்தான், என் பெயரைவிடப் பெரிய எழுத்தில். அவனுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.