எனக்காகப் போட்ட கையெழுத்து

உப்பலில் மெட்ரோ ஏறினேன். எதிரே இரண்டு பெண்கள். இளையவள் காதில் செவித்துணைக் கருவி மாட்டியிருந்தாள். அதனாலோ, சந்தோஷத்தினாலோ, பெட்டிக்கே கேட்கும்படி பேசினாள்.

“அண்ணி, நம்ம நாடு எனக்காக வெளிநாட்டுல கையெழுத்துப் போட்டிருக்காம்!”

“உனக்காகவா? என்னடி சொல்ற?”

“என்னை மாதிரி குறை உள்ளவங்களை அதைக் காட்டி வேலையை விட்டுத் துரத்தக் கூடாதுன்னு உலக நாடுங்க ஒப்பந்தம் போட்டிருக்கு. ஜட்ஜம்மா இன்னைக்குக் கோர்ட்டுல அதைப் படிச்சே காட்டினாங்க.”

“கம்பெனி வக்கீல் சும்மாவா இருந்தார்?”

“எந்திரிச்சாரே! அது வெளிநாட்டு சமாச்சாரம், இங்க செல்லாதுன்னார். நம்ம மாற்றுத்திறனாளி சட்டமே அந்த ஒப்பந்தத்தை நிறைவேத்தத்தான் வந்தது, முதல் பக்கத்தைப் பாருங்கன்னாங்க ஜட்ஜம்மா. அபாய மணி எனக்குக் கேக்காதுன்னுதானே பட்டான்செரு லேபுல என்னை வேலையை விட்டு நிறுத்தினாங்க? மணியோட சேர்த்துச் சிவப்பு விளக்கும் வைங்க, அதே லேபுல வேலை குடுங்கன்னு தீர்ப்பு!”

“அதே லேபா?”

“ஹவ் அண்ணி, அதேதான்! திங்கக்கிழமை காலை ஷிஃப்ட்.”

அண்ணி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“வெளியில வந்து அந்த வக்கீல் ஒண்ணும் சொல்லலையா?”

“பக்கத்துல வந்து வாய்க்குள்ளேயே ‘வாழ்த்துகள்’னார். எனக்கு நல்லாவே கேட்டுச்சு. விடுவேனா? ‘காது கேக்காது சார், சத்தமாச் சொல்லுங்க’ன்னேன். வராந்தாவே திரும்பிப் பார்க்கக் கத்திச் சொன்னார் அண்ணி!”