பாப்பாவுக்குப் பிடிக்கிற செண்டு

அக்கா: ச்சீ... இது என்னடி, பழைய பீரோவுக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு!

தங்கச்சி: மரத்து வாசனைக்கா. எங்க செண்டுக் கடையில இதுக்குத்தான் அடிச்சிக்கிறாங்க.

அக்கா: அடிச்சிக்கட்டும். அடுத்தத எடு.

தங்கச்சி: இரு, மணிக்கட்டத் துடைச்சி விடுறேன். ஒண்ணு மேல ஒண்ணு போட்டா எதுவும் தெரியாது.

அக்கா: சாம்பிள் பாட்டில எல்லாம் வீட்டுக்குத் தூக்கிட்டு வர உங்க முதலாளி எப்படி விட்டாரு?

தங்கச்சி: கேட்டாத்தானே விடுறதுக்கு! நாளைக்குத் திருப்பி வெச்சிடுவேன். கைய நீட்டு.

அக்கா: ம்ம்... இது தேவல. எலுமிச்சம்பழத்த நகத்தால கீறின மாதிரி.

தங்கச்சி: அதுக்குள்ள முடிவு பண்ணாதே. கொஞ்சம் விட்டு மோந்து பாரு.

அக்கா: ...எங்கடி? போயிடுச்சே!

தங்கச்சி: உனக்கு உடம்பு சுடுதுல்ல, சீக்கிரம் பறந்துடும். இந்தா, என் கைய மோந்து பாரு.

அக்கா: அட ஆமா, உன்கிட்ட மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. செண்டுக்குக் கூட என்னப் பிடிக்கல போல.

தங்கச்சி: ஆரம்பிச்சிட்டியா?

அக்கா: சரி சரி. நீ தினமும் எதப் போடுற?

தங்கச்சி: ஒண்ணும் போடக் கூடாது. வர்றவங்க மூக்கக் குழப்பும்னு திட்டுவாங்க.

அக்கா: நல்ல வேலைடி உன்னோடது! எனக்கு நின்னு அடிக்கிற செண்டா பாரு. நாளைக்கு பாப்பா வந்துட்டுப் போற வரைக்கும் இருக்கணும்.

தங்கச்சி: அவ... அம்மாவப் பாக்கத்தானே வர்றா? செண்டையா பாக்கப் போறா?

அக்கா: போன தடவை அத்தை வீட்ல இருந்து வந்தவ இந்த ரூம் வாசப்படியத் தாண்டலையே. சட்டைக் காலர இழுத்து மூக்க மூடிக்கிட்டு...

தங்கச்சி: அவளுக்கு ஜலதோஷம்க்கா.

அக்கா: பெத்தவ நான், எனக்குத் தெரியாதா? மார்ல இவ்ளோ பெரிய புண்ண வெச்சிக்கிட்டு... ஏண்டி, நெசமாச் சொல்லு. நாறுதா?

தங்கச்சி: அய்யோ, எத்தனை தடவை கேப்ப! ஒண்ணும் இல்ல.

அக்கா: எனக்கு மூக்கு பழகிப் போச்சு. அதான் உன்னக் கேக்குறேன்.

தங்கச்சி: மருந்து வாடை. அவ்வளவுதான். கேன்சர் வார்டுல எல்லார்கிட்டயும் அடிக்கிறதுதான்.

அக்கா: ம்... அந்த ரோஸ் கலர் பாட்டில் என்ன?

தங்கச்சி: அது வேணாம்.

அக்கா: மூடியத் திறந்துதான் காட்டேன்... ஆகா! பால்ல சக்கரையப் போட்டுக் காய்ச்சின மாதிரி! சின்னப் பிள்ளைங்களுக்கு இதான் பிடிக்கும். கட்டுத் துணி மேல லேசா அடி.

தங்கச்சி: வேணாம்க்கா, இனிப்பு வாசனை சேராது. இன்னும் மோசமாயிடும். இல்ல... நான் சொல்ல வந்தது...

அக்கா: எதோட சேராது? எது மோசமாயிடும்? வாயத் திற.

தங்கச்சி: கஸ்டமருக்குச் சொல்லிச் சொல்லி... வாய்ல வந்துடுச்சுக்கா.

அக்கா: அவங்ககிட்ட என்ன சொல்வ?

தங்கச்சி: ...வேர்வை நாத்தம் இருக்கிறவங்க இனிப்பு செண்டு போட்டா, ரெண்டும் கலந்து குமட்டும்னு.

அக்கா: அப்ப எனக்கு நாத்தம் இருக்கு.

தங்கச்சி: இருக்கு. போதுமா? மாடிப்படி வரைக்கும் வருது. என்ன பண்ணாலும் போக மாட்டேங்குதுக்கா!

அக்கா: அழாதே. மூக்கு அடைச்சிக்கும், அப்புறம் எத வெச்சி மோந்து பாப்ப?

தங்கச்சி: விளையாடாதேக்கா, பயமா இருக்கு.

அக்கா: எனக்கும்தான். அந்தக் கடைசிப் பாட்டில எடு. கருப்பா இருக்கே, நல்லா காட்டமா இருக்கும்.

தங்கச்சி: எதுக்குக்கா? பாப்பா... நாளைக்கு வரல. வர மாட்டேன்னு ஒரே அழுகையாம். அவங்க அத்தை காலைலயே போன் பண்ணிட்டாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல...

அக்கா: தெரியும். நீ சமையக்கட்டுல நின்னு கெஞ்சினது இங்க வரைக்கும் கேட்டுச்சு.

தங்கச்சி: தெரிஞ்சுமா இவ்ளோ நேரம் ஒண்ணொண்ணா மோந்து பாத்த? யாருக்காகக்கா?

அக்கா: கட்டு மாத்துறப்ப எல்லாம் மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கியே... உனக்காகத்தான்டி.