மிலிட்டரி லாரியின் இடது கதவு

சாயங்காலம் ஆறே முக்கால் மணி. முசரவாக்கத்துக்குப் போகிற ஏரிக்கரை ரோடு. எதிரே ஆள் இல்லை… வண்டி இல்லை… காற்றுகூட இல்லை.

என் சிநேகிதன் ஷரீஃபின் தாய்மாமா கௌஸ் பாஷாவுக்கு நடந்தது இது. அறுபத்தொன்பதாம் வருஷம். காஞ்சிபுரம் ஒலிமுகமது பேட்டையில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். இல்லாததைச் சொல்கிற மனிதர் இல்லை. ஆறு மாதம் பாடுபட்டு ஓடவைத்த ஒரு பழைய லாரியை வெள்ளோட்டம் பார்க்க, அன்றைக்குத் தனியாக வந்திருந்தார்.

அந்த லாரி கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷம் மழையே இல்லை. எந்தக் கோடையிலும் வற்றாத, ஏரியின் மதகடிப் பள்ளம்கூட வற்றிப்போனது. வண்டல் வெட்டப் போன அர்ஜுனன் என்கிற விவசாயியின் மண்வெட்டி, சேற்றுக்குள் எதன்மேலோ ‘டங்’கென்று பட்டது. மறுநாளே சைக்கிளில் வந்து பட்டறையில் சொன்னார். கௌஸ் பாஷா போய்ச் சேற்றை விரலால் வழித்துப் பார்த்தார். சப்பை மூக்கு. துருவுக்கு அடியில் பச்சை பெயின்ட். பானட்டின் உள்பக்கம் இரும்பில் அடித்த ஒரு சின்ன அம்புக்குறி.

“யுத்தத்து வண்டிப்பா. வெள்ளைக்காரன் மிலிட்டரி செவர்லே,” என்றார்.

“ஆமா பாய்,” என்றார் அர்ஜுனன். “நாப்பத்திமூணு ஐப்பசி. வரிசையா மிலிட்டரி லாரிங்க போய்க்கினு இருந்துது. ஒண்ணு மழையில சறுக்கி ஏரியில உழுந்துடுச்சு. டிரைவர் பொணம் மட்டும் மெதந்துச்சு. தண்ணி வடியட்டும்னு லாரிய உட்டுட்டுப் போனாங்க. அப்பால யாரும் வரல.”

அனுமதி எழுதி வாங்கி, எட்டு ஜோடி மாடு கட்டி, ரெண்டு நாள் இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். இடது கதவு மட்டும் திறந்தபடி இறுகிப்போயிருந்தது; அதைத் தட்டித் தட்டி மூடவைத்தார்கள். எஞ்சின் கல்லாகக் கிடந்தது. பிளக் துளைகளில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பதினைந்து நாள் ஊறவிட்டார் கௌஸ் பாஷா. கேபினைக் கழுவும்போது, இடது சீட்டுக்கு அடியில் சேற்றோடு சேறாக ரெண்டு வெள்ளி மெட்டிகள். மீன் மெட்டி. ஒரு மீனுக்கு வால் இல்லை. பாவம், டிரைவர் தன் பெண்டாட்டிக்கு வாங்கி வைத்தான்போல என்று நினைத்து, நட்டு போடுகிற டப்பாவில் பத்திரப்படுத்தினார்.

இப்போது அந்த ரோட்டுக்கு வாருங்கள்.

ஊருக்குப் பிரிகிற இடத்தில் ஒரு சின்ன வாராவதி, வாய்க்கால் பாலம். அங்கே வந்ததும் எஞ்சின் ரெண்டு தரம் இருமி… நின்றது. ஒரே அமைதி. அப்புறம் பக்கத்தில், ‘க்ளக்’. இடது கதவின் கைப்பிடி கீழே இறங்கியது. கதவு திறந்தது… மெதுவாக, மழைக்குப் பயந்து ஆள் திறப்பது மாதிரி. சேற்று வாடை. அதோடு, நெசவுப் பாவுக்குப் பூசுகிற கஞ்சியின் புளித்த வாடை. பிறகு, ‘கிறீச்’. இடது பக்கத்து ஸ்பிரிங் லேசாக மேலே எழும்பியது.

யாரோ இறங்கிவிட்டார்கள்.

கௌஸ் பாஷா ஸ்டார்ட்டரை அழுத்தினார். ஒரே தட்டில் வண்டி கிளம்பியது.

மறுநாளும் அதே இடம், அதே மாதிரி. மூன்றாம் நாள் கதவைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். வாராவதியில் வண்டி நின்றது. கம்பி… முறுக்கு முறுக்காகத் தானே பிரிந்தது. காதுக்குப் பக்கத்தில், ஈரக்குரலில் ஒரு பெண்:

“இங்கதாம்பா… எறங்கிக்கிறேன். கொழந்த தனியா இருக்குது.”

கௌஸ் பாஷா நேரே அர்ஜுனன் வீட்டுக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். “அன்னிக்கு அந்த லாரியில பொம்பள யாராச்சும் இருந்தாங்களா?”

அர்ஜுனன் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“தர்மன்னு ஒரு நெசவாளி. அவன் சம்சாரம் பெரியநாயகி, நெய்ஞ்ச சேலையக் காஞ்சிபுரத்துல குடுத்துட்டு வரப் போனா. அந்த மழையில ஒரு மிலிட்டரி லாரியில ஏறினத ஒருத்தன் பாத்தான். அவ வூட்டுக்கு வரல. மிலிட்டரிக்காரனோட ஓடிப்பூட்டான்னு ஊரே பேசிச்சு. அன்னிக்கு அம்பது லாரி போச்சு பாய். ஏரியில உழுந்ததுல அவ இருந்திருப்பான்னு யாரும் நெனைக்கல.” துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “பாத்தது… நான்தான்.”

தர்மன் தறியைவிட்டு எழுந்திருக்காமலே மூணு வருஷத்தில் செத்துப்போனான். அஞ்சு வயசாக இருந்த மகள் லோகாம்பாளுக்கு இப்போது முப்பத்தொன்று. ஓடிப்போனவள் பெண்ணை யாரும் கேட்டு வரவில்லை. அதே வீட்டில் பட்டு நூல் சுற்றிக் கொடுத்துத் தனியாகப் பிழைத்தாள். அம்மா என்கிற சொல்லை அவள் வாயில் கேட்டவர்கள் இல்லை.

மறுநாள் காலையில் கௌஸ் பாஷா மெட்டிகளைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்தார். எங்கே கிடைத்தது என்றும் சொன்னார். நூல் ராட்டினம் நின்றது. வால் இல்லாத மீனைக் கட்டைவிரலால் தடவினாள்… தடவிக்கொண்டே இருந்தாள்.

“இது நான் ஒடிச்சது பாய். படிக்கல்லால தட்டினேன். அதுக்குத்தான் அன்னிக்குக் காத்தால என்ன அடிச்சுது. கோவத்துல, அது காஞ்சிபுரம் கெளம்புனப்ப நான் மூஞ்சியக்கூடத் திருப்பல. அதனாலதான் என்ன உட்டுட்டுப் பூட்டுதுன்னு… இத்தினி வருசம்…”

அழவில்லை. மெட்டிகளை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“எலும்பு எதுனா…?”

“இல்லம்மா. சேறுதான்.”

“இன்னிக்கு என்னையும் அந்த லாரியில இட்டுக்கினு போங்க.”

“ஊரு இன்னா சொல்லும்மா?”

“இதுவரைக்கும் சொல்லாதத இனிமே இன்னா சொல்லப் போவுது?”

அன்று சாயங்காலம் அவள் ஏறினாள். இடது சீட்டில் உட்காரவில்லை. நடுவே எஞ்சின் மூடியின்மேல் ஒண்டிக்கொண்டு, அந்தக் காலி சீட்டில் கையை வைத்திருந்தாள். பாதி வழியில் அவள் உடம்பு ஒருதரம் சிலிர்த்தது. ஆனால் கையை எடுக்கவில்லை.

வாராவதி. எஞ்சின் நின்றது. ‘க்ளக்’. கதவு திறந்தது… சேற்று வாடை… கஞ்சி வாடை… ஆனால் ஸ்பிரிங் எழும்பவில்லை. இறங்கத் தயங்குகிற மாதிரி.

“எம்மா,” என்றாள் லோகாம்பாள். “கோவம்லாம் பூடுச்சும்மா. வா… நம்ம வூட்டுக்குப் போவலாம்.”

‘கிறீச்’.

அவளும் பின்னாலேயே இறங்கினாள். லாரி வெளிச்சத்தில் ஊர்ப் பாதையில் நடந்து போனாள். தனியாகத்தான். ஆனால் ஒரு கையை உடம்பிலிருந்து தள்ளி, கொஞ்சம் தூக்கினாற்போல வைத்திருந்தாள்… பெரியவர்கள் விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பிள்ளை மாதிரி. அவள் இருட்டில் மறைகிறவரை கௌஸ் பாஷா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார்.

மறுநாள் பொழுது விடிந்ததும் மனசு கேட்காமல் அவள் வீட்டுக்குப் போனார். லோகாம்பாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அங்கங்கே நரை விழுந்த தலை. அந்தத் தலையில் நடுவகிடு எடுத்து, படியப் படிய வாரி, ரெட்டைப் பின்னல் போட்டு, சிவப்புப் பட்டு நூலால் மடித்துக் கட்டியிருந்தது. அஞ்சு வயசுப் பிள்ளைக்குக் கட்டிவிடுவது மாதிரி.

“யாரும்மா பின்னி உட்டது?” என்றார்.

அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

“மெதுவாப் பேசுங்க பாய். ராத்திரி பூரா பேசிக்கினு இருந்துட்டு… இப்பதான் கண்ணசந்துது.”

கௌஸ் பாஷா எட்டி உள்ளே பார்த்தார். தரையில் கோரைப்பாய். அதில் யாரும் இல்லை. பாய்மேல் கிடந்த போர்வை மட்டும்… மெல்ல மேலே ஏறி… மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.