வளைந்த சுண்டு விரல்

அந்தக் கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். யுவஸ்ரீ, நடுவில் கேள்வி கேட்காதே, எனக்குக் கோர்வை விட்டுப்போகும். இது நம் பிராங்கின் சித்தி கிருபாவதிக்கு நடந்தது. போன தை மாதம்.

விடியற்காலை நாலரை மணி. பல்லடம் பக்கம், தார் ரோட்டிலிருந்து பிள்ளைகள் விடுதிக்குப் பிரியும் மண் பாதை. ஒரு பக்கம் கோழிப்பண்ணை நாற்றம். மறுபக்கம் தறி ஓடும் சத்தம்... தடக் தடக் என்று. கிருபாவதி தனியாக நடக்கிறாள். அவள்தான் விடுதிச் சமையல்காரி. வெளிநாட்டிலிருந்து ஊழியத்துக்கு வந்திருந்த பத்துப் பேருக்கு ஐந்தரைக்குள் காபி வேண்டும். பால் கூடாது. முட்டையில் மிளகாய் கூடாது.

கேட்டைத் திறந்தாள். பெயிண்ட் வாசனை குப்பென்று அடித்தது.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடா வருடம் ஒரு டீம் வரும், இரண்டு வாரம் இருக்கும். காலையில் ஜெபம், பிறகு சுவருக்கு வெள்ளை, மத்தியானம் பிள்ளைகளோடு பாட்டு, இடையிடையே போட்டோ. வந்தவர்களுக்குச் செய்ய ஏதாவது வேலை வேண்டுமே. அதற்காக ஒரு வாரம் முன்பே, விடுதியை நடத்தும் பாஸ்டர் அமிர்தராஜ் ஆள் விட்டு, நன்றாக இருக்கிற சுவரைச் சுரண்டிச் சேற்றை அடித்து வைப்பார். வயிறு எரியுமா எரியாதா? டீம் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் பிள்ளைகள் நீலப் பெயிண்டில் கையைத் தோய்த்து அதே சுவரில் பதிப்பார்கள். அதற்கும் போட்டோ.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படிக் கை பதித்தவள் கிருபாவதியின் மகள் ஜோஸ்லின். எட்டு வயது. கதவிடுக்கில் நசுங்கி வளைந்துபோன சுண்டு விரல். மறுநாள் காய்ச்சல்... மத்தியானம் வலிப்பு. விடுதி வேனோ டீமை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி மாட்டுச் சந்தை பார்க்கப் போயிருந்தது. பாஸ்டரும் அதில்தான் போயிருந்தார்.

"வேனைத் திருப்பிக் கொண்டாங்கய்யா, புள்ளைக்கு முடியலைங்க" என்று போனில் கெஞ்சினாள்.

"விருந்தாளிங்களப் பாதியில திருப்ப முடியுமா? வேன் சாயங்காலம் வந்துரும். ஜெபம் பண்ணிட்டு இரும்மா."

ஆட்டோ கிடைத்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் பிள்ளை ஜில்லிட்டுவிட்டது. படுபாவி மனுஷன், அடக்கத்தில் அரை மணி நேரம் பிரசங்கம் வேறு பண்ணினார்.

அதற்குப் பிறகும் கிருபாவதி அங்கே வேலை பார்த்தது அந்தக் கைக்காகத்தான். மகளுடையது என்று மிச்சம் இருந்தது அது ஒன்று. அதை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டாள். சரி என்றார் பாஸ்டர். அடுத்த டீம் வந்தது. வெள்ளை அடித்தது. கை போயிற்று.

இப்போது, இந்த நாலரை மணிக்கு... நேற்று அடித்த வெள்ளையின் நடுவே ஒரே ஒரு நீலக் கை. ஈரம் காயவில்லை. சுண்டு விரல் வளைந்திருந்தது.

ஆறு மணிக்குப் பாஸ்டர் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"உன் வேலைதானே இது?"

"எம்பட வேலையா இருந்தா சுவரு பூரா வெச்சிருப்பனுங்க."

அவரே பெயிண்ட் உருளையை எடுத்து அழித்தார். பெயிண்ட் டின்களை அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாளும் கை வந்தது. அதற்கு மறுநாளும். கிருபாவதி தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். முன்பெல்லாம் அந்த விரல்கள் அவள் விரலின் நடுக்கணுவரைதான் வரும். இப்போது நகத்தைத் தொட்டன.

"வளந்திருக்கறா" என்றாள். அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

டீம் கிளம்பிய நாள். கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு ராத்திரிப் பயணம். பாஸ்டர் வேனில் ஏறிக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு ஆள் வருது. அந்தச் சுவரையே இடிச்சுப்போடறேன்."

"ஏனுங்கய்யா, எம் புள்ளைக்கு ஒரு வேன் குடுக்கல. ஒரு கையளவு சுவரு குடுக்கக் கூடாதுங்களா? நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க."

அவர் மோதிரக் கையால் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மறுநாள் நாலரை மணி. வேன் திரும்பவில்லை. தறிச் சத்தம்கூட இல்லை. கேட்டைத் திறந்ததுமே அந்த வாசனை... கொழகொழவென்று, முகத்தில் ஒட்டுகிற மாதிரி. டின் இருந்த அறை பூட்டியபடியே இருந்தது. சுவரில் அந்தச் சின்னக் கை. அதை ஒட்டி இன்னொன்று. பெரியவர் கை. மோதிர விரலில் வட்டமாக ஒரு தடம். இரண்டிலிருந்தும் நீலம் வழிந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. வேன் டிரைவர் ரசாக்.

"அக்கா, பாஸ்டர் அங்க வந்துட்டாருங்களா?"

"உங்கூடத்தானே இருந்தாரு?"

"டீமை எறக்கிவிட்டுத் திரும்பறப்போ, சூலூர் தாண்டி நிறுத்தச் சொன்னாருங்க. ரோட்டோரம் ஒரு பாப்பா நின்னுச்சு. அது கையைப் புடிச்சுட்டு எறங்கிப் போனாரு. கூப்புடறேன், கூப்புடறேன்... திரும்பியே பாக்கலீங்க. மூணு மணி நேரமாத் தேடறேன்."

கிருபாவதி சுவரிலிருந்த சின்னக் கையைப் பார்த்தாள். "பாப்பா ஏதாச்சும் பேசுச்சா?"

"அவரு எறங்குனதும், உடம்பு நடுங்குது, வேன்லயே உக்காந்துக்கறேன்னாருங்க அக்கா. அதுக்கு அந்தப் பாப்பா சொல்லுச்சு... வேன் சாயங்காலம் வந்துரும், ஜெபம் பண்ணிட்டு வாங்கய்யான்னு."