மூணு தடவ நே

இல்ல மேடம், சூடாத்தான் இருக்கும். பிளாஸ்டர் இறுகுறப்போ அப்படித்தான் கதகதன்னு ஏறும், அப்புறம் தானா அடங்கிரும். தலைய மட்டும் ஆட்டாதீங்க. ஆட்டுனா தாடைகிட்ட விரிசல் விழுந்து, உங்க மூஞ்சி காலத்துக்கும் இந்தக் காலேஜ் சுவத்துல கோணிக்கிட்டு நிக்கும். சொன்னேன்ல, ஆமான்னா ஒரு விரல், இல்லன்னா ரெண்டு. மூச்சு நல்லா வருதா? ஒரு விரல். நல்லது. மூக்கு ரெண்டையும் தொறந்துதான் விட்டிருக்கேன், நான் அவ்வளவு கெட்டவ இல்ல.

இன்னும் இருவது நிமிஷம் ஆகும். கண்ணையும் வாயையும் மூடிட்டா சில பேருக்கு உதறல் எடுத்துரும். போன வருஷம் ஒரு நாடக நடிகரு, பெரிய மீசை, பாதியில பிச்சு எறிஞ்சிட்டு ஓடிட்டாரு. பாதி மீசை அச்சுலயே நின்னுபோச்சு. அதனாலதான் நான் பேசிக்கிட்டே இருப்பேன். இந்த வேலையில அது ஒரு வழக்கம். எதிராளிக்கு ஒரு குரல் கேட்டுக்கிட்டே இருக்கணும். நீங்க பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இருங்க. கீழ ஹால்ல ஆளுங்க வந்து உக்காந்துட்டாங்க, ஆனா விழா ஆரம்பிக்க இன்னும் நேரம் இருக்கு, நீங்க இல்லாம யாருக்கு மாலை போடப் போறாங்க?

என் பேச்சு கொஞ்சம் இழுவையாத் தெரியுதா? ஒரு விரல். ஆமா, நான் இந்த ஊர்க்காரி இல்ல. பல்கேரியா. இங்கேர்ந்து வண்டியெடுத்தா ரெண்டு மணி நேரத்துல எல்லை வந்துரும், பக்கத்து வீடு மாதிரிதான். நானும் இந்தத் தெசலோனிகிக்குச் சிற்பம் படிக்கத்தான் வந்தேன் மேடம். இதே காலேஜு. ஏன், பிளாஸ்டர் கரைக்கிறவ படிக்க வந்திருக்கக் கூடாதா? பத்தொம்பது வயசு. எங்க ஊர்லயே வெளிநாட்டுக்குச் சிற்பம் படிக்கப் போன மொத ஆளு நான்தான். எங்கம்மா தையல் ஆலையில வேலை, அங்க எல்லார்கிட்டயும் சொல்லி மாஞ்சுபோச்சு, எம்பொண்ணு கல்லுலயே மூக்கும் முழியுமாச் செய்வாளாம்னு.

கசாந்த்ரு தெருவுல ஒரு ரூம். நாலாவது மாடி, லிஃப்ட் எப்பவாவது மனசு வந்தா மேல வரும். பனிக்காலத்துல வர்தாரிஸ்ங்கிற வடக்குக் காத்து அடிச்சா ஜன்னல் கண்ணாடி பல்லு கிட்டுற மாதிரி அடிச்சுக்கும். கூட ஒரு ரூம்மேட், உங்க நாட்டுப் பொண்ணு. நல்லாப் பேசுவா. பேச்சுல தேன் ஒழுகும். எனக்கு உங்க மொழியில நாலு வார்த்த தெரியாத நேரம், அவதான் எனக்கு எல்லாம். கடைக்குக் கூட்டிட்டுப் போவா, காலேஜ் ஆபீஸ்ல எனக்காகச் சண்டை போடுவா. அதையும் சொல்லணும்ல, இல்லேன்னா பாவம்.

இந்த மொழிக் கூத்துதான் மேடம் பெரிய கூத்து. எங்க மொழியில நேன்னா இல்ல. உங்க மொழியில நேன்னா ஆமா. பக்கத்துப் பக்கத்து நாட்டுக்காரங்க இப்படியா வெச்சுக்குவாங்க? அது போதாதுன்னு தலையாட்டுறதும் தலைகீழு. இல்லன்னு சொல்ல நாங்க மேலயும் கீழயும் ஆட்டுவோம். நீங்க அதப் பாத்தா ஆமான்னுதான் எடுத்துக்குவீங்க. அப்போ நான் வாயாலயும் தலையாலயும் இல்ல இல்லன்னு சொன்னா, உங்களுக்கு அது வாயாலயும் தலையாலயும் ஆமா ஆமா. சிரிக்காதீங்க, கன்னம் மடிஞ்சிரும்.

மொத மாசம் பூரா இதே கதைதான். அவ காப்பி வேணுமாம்பா, நான் வேணாம்னு நேம்பேன். காப்பி வந்துரும். இன்னொண்ணு வேணுமா? நே. இன்னொண்ணு வந்துரும். ஒரு நாள் ஆறு காப்பி குடிச்சிட்டு ராத்திரி பூரா கூரையப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். நாலஞ்சு நாள்ல அவளுக்கு வெளங்கிருச்சு, எனக்கு நேன்னா இல்லன்னு. விழுந்து விழுந்து சிரிச்சா. மெஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சா. அப்புறமும் அத விடல. ஜன்னல் பக்கத்துக் கட்டில நான் எடுத்துக்கட்டுமா? நே. எடுத்துக்கிட்டா. உங்கம்மாமாருங்க பஸ்ல சாப்பாட்டு டப்பா போட்டு விடுவாங்களே, அவங்கம்மாவும் வெள்ளிக்கிழமையானா போட்டு விடும். பஸ் ஸ்டாண்டுக்குக் காத்துல நடந்து போய் நீ எடுத்துட்டு வரியா? நே. சொல்லிட்டியே, கெளம்பு கெளம்பு. நானும் சிரிச்சுக்கிட்டே போவேன். டப்பாவுல திராட்சை எலையில சுத்துன சோறு இருக்கும், எனக்கும் பாதி குடுப்பா. வெள்ளந்தியா இருந்தேன்.

சூடு எறங்கிருச்சா? ஒரு விரல். சரி, இன்னொரு பூச்சு போடுறேன்.

மெஸ்ல எங்களுக்குப் பருப்பு ஊத்துற ஒரு அம்மா இருந்துச்சு, ஃபோதினின்னு பேரு. நீளக் கரண்டி, பெரிய அண்டா, வரிசையில நானூறு பேரு. ஆவி அடிச்சு அடிச்சு மணிக்கட்டெல்லாம் செவந்து கெடக்கும். நான் மூஞ்சியப் பாக்கவே மாட்டேன், அந்தக் கையத்தான் பாப்பேன். அப்புறம் அதையே மண்ணுல செஞ்சேன். பன்னெண்டு கை. கரண்டி இல்லாம கரண்டி பிடிச்ச கை. பாக்குறவனுக்கு நம்ம தட்ட நீட்டணும்னு தோணணும், அதுதான் என் யோசனை. நாலு மாசம் மேடம். மாணவங்க ஸ்ட்ரைக்குன்னு காலேஜ் கேட்டப் பூட்டிட்டாலும் பின்பக்கச் சுவரேறிக் குதிச்சுப் போயி, மண்ணு காஞ்சிரக் கூடாதுன்னு ஈரத்துணி மாத்திட்டு வருவேன்.

ரூம்மேட் வந்து பக்கத்துல உக்காருவா. கையில ஐஸ் காப்பி. ஏன் பன்னெண்டு, ஏன் கரண்டி வெக்கல, ஏன் மணிக்கட்டு மட்டும் இப்படின்னு கேப்பா. ஒரு சிநேகிதி கேட்டா சொல்ல மாட்டோமா? தெரிஞ்ச அரைகுறைப் பேச்சுல அத்தனையும் சொன்னேன். அவ நோட்டுல என்னவோ கிறுக்குவா. எனக்கென்னவோ அவ என்னைப் பாத்துக் கத்துக்கிறான்னு பெருமை வேற.

வருஷக் கடைசிப் போட்டிக்கு அவளும் கைதான் வெச்சா. மெழுகுல. கரண்டி இல்லாத கை. வெச்சதோட விட்டாளா, முந்திக்கிட்டு ஆபீஸ்ல போய் எழுதிக் குடுத்துட்டா, இந்த வெளிநாட்டுக்காரி என் யோசனையத் திருடிட்டான்னு. நோட்டுல படம், படத்துக்குக் கீழ பழைய தேதி. தேதி போட எவ்வளவு நேரம் ஆகும் மேடம்? பேனா இருந்தா போதும்.

மூணு வாத்தியாருங்க உக்காந்து என்னை விசாரிச்சாங்க. அவ ஓரத்துல நாற்காலியில, தலை குனிஞ்சுக்கிட்டு, சாமி கும்புடுற மாதிரி. நடுவுல இருந்தவரு கேட்டாரு, இந்த யோசனைய இவகிட்டேர்ந்து எடுத்தியான்னு. அந்த நேரத்துக்கு எனக்கு உங்க மொழி ஓரளவு வந்திருச்சு. இல்லங்கிறதுக்கு ஓஹின்னு சொல்லணும்னு நல்லாவே தெரியும். ஆனா வயித்துல தீயப் போட்டா வாயில தாய்மொழிதானே வரும்? நே, நே, நே. மூணு தடவ. தலைய வேற மேலயும் கீழயும் ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுனேன்.

அவரு பேனாவ மூடிட்டாரு. மறுக்காம ஒத்துக்கிட்டியே, நல்ல பொண்ணுன்னு பாராட்டுனாரு. பாராட்டுனாரு மேடம். அப்புறந்தான் எனக்கு ஒறைச்சுது. ஓஹி ஓஹின்னு கத்துனேன். இப்ப மாத்திப் பேசுறா பாருன்னாரு பக்கத்துல இருந்தவரு. எங்க மொழியில நேன்னா இல்ல, அது இவளுக்குத் தெரியும், இவகிட்டயே கேளுங்கன்னு அவளக் காட்டுனேன். கேட்டாங்க. இல்லங்கிறதுக்கு இந்தப் பொண்ணு ரூம்ல நேன்னுதான் சொல்லுமான்னு கேட்டாங்க.

அவ வாயே தொறக்கல. புருவத்த மேல தூக்கி, நாக்குல ஒரு ச்சு. உங்க ஊர்ல இல்லன்னு சொல்ல அது போதுமே. ஆறு காப்பி, ஜன்னல் கட்டில், டப்பா, எல்லாம் அந்த ஒரு ச்சுல போச்சு. சீட்டு போச்சு, உதவித்தொகை போச்சு. என் பன்னெண்டு கையையும் மண்ணுத் தொட்டியில போட்டு நானே தண்ணி ஊத்திக் கரைக்கணும்னாங்க. கரைச்சேன்.

ஊருக்கு எப்படிப் போவேன்? எங்கம்மா மொகத்துல எப்படி முழிப்பேன்? திருடின்னு எழுதுன காகிதத்தோட போனா அந்த ஆலையில அது எப்படி வேலை பாக்கும்? இங்கயே இருந்துட்டேன். ஓட்டல்ல தட்டு கழுவுனேன், ஒரு பிளாஸ்டர்காரனக் கட்டிக்கிட்டேன், அவன்கூடவே கூரை பூசப் போய் கை பழகுச்சு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பட்டறையில ஆள் கேட்டாங்க, வந்துட்டேன். யாருக்கும் அடையாளம் தெரியல. அந்த மூணு பேருல ரெண்டு பேரு ரிட்டயர் ஆயிட்டாங்க. மூணாவது ஆளு தெனம் எனக்கு வணக்கம் வெக்கிறாரு, பாவம், கண்ணு சரியில்ல. இங்க எல்லாருக்கும் நான் லிட்ஸா. உங்களுக்கும் அப்படித்தானே சொன்னாங்க? லிட்ஸா வந்து பூசி விடுவான்னு. நீங்க போன்ல பேசிக்கிட்டே வந்து உக்காந்தீங்க, என் மொகத்த நிமிந்தே பாக்கல. பூசுறவ மொகத்த யாரு பாக்குறா?

முழுப்பேரு லிட்ஸா இல்ல மேடம். ராலிட்ஸா.

என்ன, ஒரு விரலும் இல்ல, ரெண்டு விரலும் இல்ல, அஞ்சும் சேந்து ஆடுது? மூச்ச மெதுவா விடு. மெதுவா விடு வாசோ. எழுந்திரிக்கணும்னா எழுந்திரி, நான் கட்டியா போட்டிருக்கேன்? கையால பிச்சுப் போட்டுட்டு, பிசுபிசுத்த மூஞ்சியோட விழாவுக்குப் போ. இல்லையா, இன்னும் அஞ்சு நிமிஷம் கேளு.

பதினாறு வருஷம்டீ ரூம்மேட்டு. நீ பாரிஸ் போன, பேப்பர்ல வந்த, கைகளின் சிற்பின்னு உனக்குப் பட்டம் குடுத்தாங்க. எந்த ஊர்ல உன் கண்காட்சி வெச்சாலும் நான் படத்தப் பெருசு பண்ணிப் பாப்பேன். அத்தனையும் ஃபோதினியம்மா கைதான். கட்டைவிரல மட்டும் இன்னைக்கு வரைக்கும் தப்பாவே செய்யிற. கரண்டி கனத்துல அது உள்பக்கமா மடங்கும், உனக்கு அதச் சொல்லிக் குடுக்கிறதுக்குள்ள நான் வெளிய போயிட்டேன். உன்னை எத்தன விதமா மனசுல கொன்னுருக்கேன்னு கணக்கில்ல. காய்ச்சல்ல கெடந்தப்போ உனக்குக் கஞ்சி காய்ச்சி ஊத்துன கைதான் இது, இப்ப உன் கழுத்துகிட்டத்தான் இருக்கு. பயப்படாத. கழுத்த நெறிச்சா உனக்கு நல்ல பேரு, எனக்கு ஜெயிலு. அது எனக்கு எதுக்கு?

மன்னிப்பும் வேணாம். நீ கேட்டாலும் குடுக்க மாட்டேன். இந்த ரூம்ல நீயும் நானும்தான் இருக்கோம். ஒண்ணே ஒண்ணு எனக்குத் தெரியணும், இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது. அன்னைக்கு நான் நேன்னப்போ, அதுக்கு இல்லன்னு அர்த்தம்னு உனக்குத் தெரிஞ்சுதானே அந்த ச்சு கொட்டுன?

ரெண்டு விரலா? மறுபடியும் யோசி. யாருக்காகப் பொய் சொல்ற? உனக்கும் எனக்கும் தெரியாததா? இந்த ஒரு தடவையாவது எனக்கு நேரா சொல்லிரு வாசோ.

ஒரு விரல்.

அப்பாடா. சரி, இன்னொண்ணு. அந்தக் கை யாரு யோசனை? என்னோடதுதானே?

ஒரு விரல். நல்லா நிமித்தியே காட்டுற. அழாத, கண்ணுக்கிட்ட ஈரம் எறங்குனா அச்சு கெட்டுப்போகும். விரல எறக்கிக்கோ வாசோ. பாத்தாச்சு. எல்லாரும் பாத்தாச்சு.

என்ன, யாருன்னு கைய விரிக்கிறியா? கீழ உனக்காக வந்து உக்காந்திருக்காங்களே, அவங்கதான். அந்த மூணாவது வாத்தியாரும் மொத வரிசையிலதான் இருப்பாரு, கண்ணு தெரியலேன்னாலும் காது கேக்கும். பூசுறத ஹால் திரையில காட்டணும்னு நீதானே ஆபீஸ்ல சொல்லி இங்க கேமரா வெக்க வெச்ச? வாய மூடிப் பூசுறதுக்கு முன்னாடி கேட்டியே, மீன் மாதிரி கெடக்குறத ஆளுங்க பாக்க வேணாம், அத அணைச்சிட்டியான்னு. நான் நேன்னேன். நீயும் நிம்மதியாக் கண்ண மூடிக்கிட்ட.

அது எங்க ஊர் நேடி.