ஒரே மாதிரியான படங்கள்

கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று திரையில் எச்சரிக்கை வந்துவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கழுவாத பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. எங்கள் ஏரிக்கரையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இந்த இல்போவின் விறகு அடுக்கைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டு அடுக்கைக் கலைத்து மறுபடி அடுக்கியவர்கள்கூட உண்டு.

என் மனைவி ஐராவுக்கு அறுபது வயது நிறையவிருந்தது. அறுபது என்றால் ஊரையே கூப்பிட வேண்டும், உங்களுக்குத் தெரியாததில்லை. காபி, மீன் வைத்த ரொட்டி கேக், பிறகு சுவரில் அவளுடைய சின்ன வயதிலிருந்து வரிசையாகப் போட்டோக்கள். போட்டோ காட்டுவது புருஷன் வேலை. அதற்காகத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவள் போனில் எடுப்பதும் என் போனில் எடுப்பதும் ஒரே இடத்தில் வந்து சேரும்படி நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். புருஷன் பெண்டாட்டிக்குள் இரண்டு பெட்டி எதற்கு?

முதலில் மங்கலானவற்றை அழித்தேன். பிறகு கட்டை விரல் மறைத்தவை, கடை ரசீதுகள். அதற்குப் பிறகு ஒரு வசதி கண்ணில் பட்டது. ஒரே மாதிரியான படங்களைக் கம்ப்யூட்டரே ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும். ஒரே நாய், ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிடலாம்.

அப்படி வந்ததுதான் அந்தப் படக் கட்டு. ஒரு மேல்கை, பின்னால் எங்கள் குளியலறையின் வெள்ளை ஓடு. இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. அதே கை, அதே ஓடு, அதே விளக்கு. நிறம்தான் வேறு. ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை, ஒன்றில் மஞ்சள். அடுத்த கட்டில் விலா. அதற்கடுத்து உதடு. காதுக்குப் பின்னால் முடி கொத்தாகப் போன இடம். மணிக்கட்டில் அடுப்புக் கதவின் விளிம்பு பதிந்த கோடு. பல வருஷமாக எடுத்து வைத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: இத்தனை எதற்கு? ஞாபகத்துக்கு என்றால் ஒன்று போதாதா?

நீங்கள் பார்க்கிற பார்வை புரிகிறது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்வார்கள். ஆனால் நான் அதை அடி என்றே சொல்ல மாட்டேன். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற சுபாவம் அவளுக்கு. சொல்லக் கூடாத நேரத்தில் ஒன்றைச் சொல்வாள், அந்த நேரம் கை பட்டுவிடும். பட்டுவிடும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு உறைந்த காட்டுப்பழப் பொட்டலத்தைக் கொண்டுவந்து வீக்கத்தின் மேல் வைப்பதும் நான்தான். எத்தனை வீட்டில் புருஷன் அதைச் செய்கிறான்?

எல்லாவற்றையும் அழித்தேன். எல்லாக் கருவிகளிலிருந்தும் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை ஐரா போனைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்றாள்.

"இல்போ, என் படமெல்லாம் எங்க?"

"எந்தப் படம்?"

"எதுன்னு உனக்குத் தெரியும்."

"எடம் இல்ல. எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு, தூக்கிட்டேன்."

"ஒரே மாதிரியா? ஒவ்வொண்ணும் எந்த நாள், எதுக்குன்னு நான் சொல்லட்டுமா?"

நான் விறகு எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அக்கா பிர்க்கோவுக்குப் போன் போட்டிருக்கிறாள். பிர்க்கோவுக்கு எதிலும் மூக்கை நுழைக்கிற புத்தி. அழித்த படம் உடனே போய்விடாது, கொஞ்ச நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், அங்கிருந்து மீட்டுவிடலாம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. ஒழுங்கு ஒழுங்கு என்று பேசுகிறவனுக்கு அது வெட்கக்கேடுதான். கை, விலா, உதடு எல்லாம் பழையபடி திரையில் வந்து நின்றன.

"திங்கக்கெழம அக்கா கார எடுத்துட்டு வர்றா," என்றாள், திரும்பாமலே. "போலீசுக்குப் போறோம். வெறும் வாயால சொன்னா எவன் நம்புவான்னு இத்தன வருஷம் வாய மூடிட்டு இருந்தேன். இப்ப கையில இது இருக்கு."

"விருந்துக்கு ஊரையே கூப்பிட்டிருக்கு, ஐரா."

"வரட்டுமே. புருஷன் எங்கேன்னு கேட்டா, உள்ள இருக்காருன்னு சொல்றேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. எனக்குப் பயம் வந்தது, மறைக்கவில்லை. ஊர்த் தீயணைப்புக் குழுவில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை ஒரு கட்டுப் போட்டோவுக்காக இழப்பதா?

"சவுனா காஞ்சிருச்சு," என்றேன். "பேச்ச அப்பறம் வெச்சுக்கலாம்."

அவள் எப்படி வந்தாள் என்று வெளியூர்க்காரன் கேட்பான், நீங்கள் கேட்க மாட்டீர்கள். சவுனாவின் நீராவி அறைக்குள் குரல் உயரக் கூடாது. அது கோயில் மாதிரி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அங்கே என் கை அவள்மேல் பட்டதில்லை. "வாரத்துல அந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு பயமில்லாத நேரம்" என்று அவளே சொல்லியிருக்கிறாள். அந்த நம்பிக்கையில் வந்து மேல்படியில் உட்கார்ந்தாள். ஆவி கிளம்ப நான் சூடான கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினேன். அவள் முதுகைத் தேய்த்துவிட்டேன், கன்றி மஞ்சளாகியிருந்த இடத்தில் மெதுவாக. சவுனாவின் அமைதியை நான் கடைசிவரை காப்பாற்றினேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வழக்கம்போலக் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, உறைந்த ஏரியின் பனியில் வெட்டி வைத்திருக்கும் குழிக்கு முழுகப் போனாள். நான் பனி உடைக்கும் கடப்பாரையோடு பின்னால் போனேன். ஏணியில் கழுத்துவரை இறங்கி, "அப்பாடா" என்றாள். கடப்பாரையின் கைப்பிடியை அவள் தோளில் வைத்து அழுத்தினேன். "என்ன பண்ற" என்றாள், அதற்குமேல் தண்ணீர் விடவில்லை. இரண்டு தடவை மேலே வந்தாள். இரண்டாம் தடவை தலையில் அடிக்க வேண்டியிருந்தது. ஏணிப் படியைப் பிடித்திருந்த விரல்கள் விடவில்லை. குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன், சுண்டுவிரலிலிருந்து. ஒன்று சத்தத்தோடு முறிந்தது. எதிர்க்கரையில் யார் வீட்டுப் புகைபோக்கியிலோ புகை போய்க்கொண்டிருந்தது. பிறகு அவள் பனிக்கு அடியில் நழுவிப் போனாள், தொப்பி மட்டும் மிதந்தது.

அதை எடுத்துப் பிழிந்து, உடை மாற்றும் அறையில் ஆணியில் காயப் போட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவள் தனியாகப் போய் முழுகிவிட்டாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். தனியாகப் போய் முழுகினவளின் தொப்பியை யார் காயப் போட்டது என்று பிர்க்கோ உங்களிடம் கேட்டாளாம். சரியான கேள்விதான். ஆனால் ஈரத் தொப்பியை அப்படியே பனியில் விட்டுவிட்டு வர என்னால் முடியாது.

வீட்டுக்குள் போய்ப் படங்களை மறுபடி அழித்தேன். இந்தத் தடவை குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பிறகு உட்கார்ந்து, சுவரில் காட்ட வேண்டிய படங்களை வரிசைப்படுத்தி முடித்தேன். கன்றுக்குட்டியோடு ஐரா, பள்ளிக்கூட வாசலில் ஐரா, கோடைத் திருநாள் நெருப்புக்குப் பக்கத்தில் ஐரா. நன்றாக வந்திருக்கிறது. அடக்கத்தன்று போடச் சொல்லுங்கள்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வருஷக்கணக்காக நான் அவளை அடித்தேன் என்று பிர்க்கோ சொல்வதை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. கம்ப்யூட்டர் உங்களிடம்தானே இருக்கிறது, ஒவ்வொரு படமாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஐரா சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.